21 நாள் முன்னறிவித்தல், மூன்றில் இரண்டு வாக்கு: கழக யாப்பை மாற்றுவது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன். வெள்ளவத்தையில் உங்கள் கழகம். வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் 140 பேர், எல்லோரும் ஆண்கள். பெண்கள் 'இணை உறுப்பினர்' ஆகலாம், சந்தா கட்டலாம், வாக்குக் கிடையாது. யாப்பின் 5ஆம் விதி அப்படி. அதை மாற்றிப் பெண்களையும் முழு உறுப்பினர்களாக்க நிர்வாக சபை விரும்புகிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது, நிகழ்ச்சி நிரலில் இந்த விடயம் இல்லை. 'வேறு விடயங்கள்' வரும்போது எடுத்து, கையுயர்த்தி முடித்துவிடலாம் என்கிறார் தலைவர். கழகத்தைத் தொடங்கியவர்கள் எழுதிய விதியில் யாரும் கைவைக்க முடியாது என்கிறார் மூத்த உறுப்பினர் ஒருவர். யார் சொல்வது சரி?

என் பதில், இருவரும் பிழை. மூத்தவர் 'முடியாது' என்பது பிழை. தலைவர் 'அன்றைக்கே முடியும்' என்பது அதைவிடப் பெரிய பிழை. மாற்றம் நல்லதா என்பதை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நல்லது, இவ்வளவு காலம் ஏன் எடுத்தது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கூட்ட நடைமுறைக்கு மாற்றம் நல்லதா கெட்டதா என்ற கவலை இல்லை. அதற்கு ஒரே ஒரு கவலை: அன்றைக்கு மண்டபத்தில் இல்லாத உறுப்பினரின் உரிமை என்ன ஆகிறது? கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 26 வருடமாகக் கொழும்பில் கம்பனிச் செயலாளர் வேலை. மாலை நேரங்களில் இரண்டு சங்கங்களுக்குச் செயலாளராக இருந்திருக்கிறேன். சண்டை வரும் என்று தெரிந்த கூட்டங்களுக்கு வெளியாள் ஒருவர் தலைமை தாங்கட்டும் என்று கூப்பிட்டால் போவதும் உண்டு. சட்டத்தரணி அல்ல. விடயம் புதுக்கடை நீதிமன்றம் வரை போகும் போலிருந்தால் கறுப்புக் கோட்டுப் போட்டவரிடம்தான் போக வேண்டும். உங்கள் முழு யாப்பையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதி அனுப்பிய 5ஆம், 17ஆம் விதிகளை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் மூத்தவர். அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. கழக யாப்பு என்பது உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் செய்துகொண்ட ஒப்பந்தம். ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தார் மட்டும் கூடி மாற்ற முடியாது. யாப்பில் திருத்தத்துக்கென்று விதியே இல்லாவிட்டால், பெரும்பான்மையினர் கூடித் தீர்மானித்தாலும் அது மறுப்பவரைக் கட்டுப்படுத்தாது என்று இங்கிலாந்தில் 1903இல் ஹரிங்டன் எதிர் செண்டால் வழக்கில் தீர்ப்பு வந்தது. அங்கே சிக்கல் சந்தாவை உயர்த்தியதில். ஆனால் உங்கள் யாப்பில் திருத்தத்துக்கென்றே 17ஆம் விதி இருக்கிறது. அது இருப்பதாலேயே, சேரும்போது ஒவ்வொருவரும் 'இந்த விதிகள் பின்னால் மாறலாம், மாறினால் நானும் கட்டுப்படுவேன்' என்று ஒப்புக்கொண்டுதான் சேர்ந்திருக்கிறார்கள்.

'தொடங்கியவர்களின் நோக்கம்' என்ற வாதத்துக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. லண்டனில் ஹர்லிங்ஹம் கழகம் 1869இல் புறாச் சுடுவதற்கென்றே தொடங்கப்பட்டது. பிறகு போலோ வந்தது, வேறு விளையாட்டுகள் வந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுப்பினர்கள் கூடி, புறாச் சுடுவதை நிறுத்துவதென்று தீர்மானித்தார்கள். டெலூசன் என்ற உறுப்பினர் நீதிமன்றம் போனார். கழகம் பிறந்ததே இதற்காகத்தானே என்பது அவர் வாதம். 1907இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், விதிகளை மாற்றும் அதிகாரத்துக்குள் இதுவும் அடங்கும், தீர்மானம் செல்லும் என்றது. கழகத்தின் சின்னத்தில் மட்டும் புறா இன்னும் இருக்கிறது. உங்கள் மூத்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அதோடு பழைய கூட்ட அறிக்கைப் புத்தகங்களையும் எடுத்துப் பாருங்கள். தொடங்கியபோது இருந்த சந்தாவா இன்றைக்கும் இருக்கிறது? அதுவும் தொடங்கியவர்கள் போட்ட விதிதான். அது மாறியபோது அவரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்.

இனித் தலைவர். நீங்கள் எழுதியபடி 17ஆம் விதி: 'இவ்விதிகள் பொதுக்கூட்டமொன்றில் சமுகமளித்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினரால் திருத்தப்படலாம், திருத்தம் 21 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்கப்படல் வேண்டும்.' இரண்டு பூட்டு. ஒன்று எண்ணிக்கை, மற்றது முன்னறிவித்தல். எண்ணிக்கையைப் பற்றி எல்லோரும் சண்டை பிடிப்பார்கள். முன்னறிவித்தலை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. உண்மையில் இரண்டாவதுதான் பெரிய பூட்டு.

ஏன் என்று பாருங்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் உங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நிகழ்ச்சி நிரல் வருகிறது. சென்ற கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, தெரிவு, வேறு விடயங்கள். 'இதுக்குப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுப்பானேன்' என்று வீட்டில் இருந்துவிடுகிறார். அவர் செய்தது சோம்பேறித்தனம் அல்ல, உங்கள் கடிதத்தை நம்பியது. 5ஆம் விதி மாறப்போகிறது என்று தெரிந்திருந்தால் ஆதரிக்கவோ எதிர்க்கவோ வந்திருப்பார். அதனால்தான், மண்டபத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே குரலில் 'சரி' என்றாலும் முன்னறிவித்தல் விதியை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுக்க வேண்டியவர் அங்கே இல்லையே. நம் சங்கங்களில் எல்லாமே 'ஏகமனதாக' நிறைவேறும், அறிக்கையிலும் அப்படியே எழுதுவோம். அந்தச் சொல் இங்கே காப்பாற்றாது.

மீறினால் என்ன ஆகும் என்று தலைவர் கேட்கக்கூடும். பொதுவாகக் கூட்டத்தில் நடக்கும் சிறு பிழைகளுக்கு உடனே ஒழுங்குப் பிரச்சினை, அதாவது 'இது விதிக்கு மாறு' என்ற ஆட்சேபம், எழுப்ப வேண்டும், எழுப்பாவிட்டால் போனது போனதுதான். யாப்பை மீறிய தீர்மானம் அப்படி அல்ல, அது தொடக்கத்திலிருந்தே வலிதற்றது. அடுத்த வருடமும் எழுப்பலாம், ஐந்து வருடம் கழித்தும் எழுப்பலாம். இதற்கிடையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் வாக்களித்திருப்பார்கள், சிலர் செயலாளராக, பொருளாளராக வந்திருப்பார்கள், வங்கிக் காசோலைகளில் கையொப்பம் இட்டிருப்பார்கள். தெரிவில் தோற்ற ஒருவர் பழைய கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, 'இவர்கள் உறுப்பினர்களே இல்லை' என்று சொல்லும் நாளில் அவமானப்படப்போவது அந்தப் பெண்கள். அவசரப்பட்ட நிர்வாக சபை அப்போது பதவியில் இருக்காது.

இந்த நடைமுறைகள் எங்கிருந்து வருகின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். உலகம் முழுக்கக் கழகங்கள் அதிகம் எடுத்துக்காட்டுவது ரொபர்ட் என்ற அமெரிக்க இராணுவப் பொறியியலாளரின் கூட்ட விதி நூலை. 1863இல் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய், எப்படி நடத்துவதென்று தெரியாமல் அவதிப்பட்ட மனிதர். 1876இல் முதற்பதிப்பு, 2020இல் 12ஆம் பதிப்பு. பிரித்தானிய நாடாளுமன்ற வழக்கத்துக்கு 1844இல் முதலில் வெளிவந்த எர்ஸ்கின் மே நூல். இரண்டும் உங்கள் கழகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தாது. 'யாப்பு மௌனமாக இருக்கும் இடத்தில் இன்ன நூலைப் பின்பற்றுவோம்' என்று நீங்களே ஏற்றிருந்தால்தான் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் அனுபவசாலி ஒருவரின் புத்திமதி மாதிரி எடுத்துக்கொள்ளலாம். யாப்பு எங்கே பேசுகிறதோ அங்கே யாப்புத்தான் மேல்.

எண்ணிக்கைக்கு வருவோம். 'மூன்றில் இரண்டு' என்றதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது போலிருக்கும். எதன் மூன்றில் இரண்டு? உங்கள் கூட்டத்துக்கு 60 பேர் வருகிறார்கள், 38 பேர் ஆதரவு, 5 பேர் எதிர்ப்பு, 17 பேர் பேசாமல் இருக்கிறார்கள் என்று வையுங்கள். 'சமுகமளித்து வாக்களித்தோரில்' என்று விதி இருந்தால் வாக்களித்தது 43 பேர், 29 போதும், தீர்மானம் தாராளமாக நிறைவேறும். உங்கள் விதி 'சமுகமளித்த' என்று மட்டும் சொல்கிறது. ஆகவே 60க்கு 40 வேண்டும், 38 போதாது. எதிர்த்தவர் ஐந்தே பேர், ஆனாலும் தோல்வி. உங்கள் விதியின் கீழ் பேசாமல் இருப்பது எதிர்த்து வாக்களிப்பதற்குச் சமம். இதைக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு முன்பே தலைவர் சொல்லிவிட வேண்டும். 'எனக்கு ஒன்றுமில்லை, எப்படியும் நடக்கட்டும்' என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பவருக்குத் தான் எதிர்க்கிறோம் என்பதே தெரியாது. மூன்றாவது வகையும் உண்டு, மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு. நம் நாட்டு அரசியலமைப்பின் 82ஆம் உறுப்புரை அப்படி. நாடாளுமன்ற உறுப்பினர் 225 பேரில் 150, வராதவர்களையும் சேர்த்துத்தான் கணக்கு. உங்கள் கழகத்தில் அப்படி இருந்தால் 94 வாக்கு வேண்டியிருக்கும். இல்லை என்பதற்குச் சந்தோஷப்படுங்கள்.

இந்த ஒரு சொல்லால் நானே பட்ட பாடு ஒன்று. பல வருடத்துக்கு முன், நான் செயலாளராக இருந்த ஒரு சங்கத்தில் யாப்புத் திருத்தம். கையொப்பப் புத்தகத்தில் 41 பேர். வாக்கெடுப்பு நேரம் பார்த்துத் தேநீரும் ரோல்ஸும் வந்துவிட்டன. நாலு பேர் தட்டோடு வராந்தாவில். ஆதரவு 24, எதிர்ப்பு 11, கதிரையில் இருந்தபடியே கையுயர்த்தாதவர்கள் இருவர். ஆங்கிலப் பிரதியின்படி வாக்களித்தோரைத்தான் எண்ண வேண்டும், 35க்கு 24, வெற்றி. தமிழ்ப் பிரதியில் 'சமுகமளித்தோர்' என்று மட்டும் இருந்தது. 41க்கு 28 வேண்டும். வராந்தாவில் நின்றவர்களைக் கழித்தால் 37க்கு 25. ஒரு வாக்கால் தோல்வி. எது மூலப் பிரதி என்று யாப்பில் ஒரு வரியும் இல்லை. 'இந்தத் தமிழைச் செய்த மடையன் யார்' என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நான்தான். ஆறு வருடத்துக்கு முன் ஒரு இரவில் அவசரமாக மொழிபெயர்த்தபோது 'வாக்களித்த' என்ற சொல்லை விட்டுவிட்டிருந்தேன். தலைவர் கெட்டிக்காரர், முடிவு அறிவிக்காமல் கூட்டத்தை ஒத்திவைத்தார். புதிதாக முன்னறிவித்தல் கொடுத்து, அடுத்த மாதம் திரும்ப வைத்தோம். 60 பேர் வந்தார்கள், 47 பேர் ஆதரவு. எந்தப் பிரதியின்படி பார்த்தாலும் வெற்றி. உங்கள் யாப்புக்கும் ஆங்கிலப் பிரதி இருந்தால் இன்றைக்கே இரண்டையும் பக்கத்தில் வைத்து 17ஆம் விதியைப் படித்துப் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் திருத்தத்தை எடுக்காதீர்கள். 12 நாளில் 21 நாள் முன்னறிவித்தல் கொடுக்க எந்த மந்திரமும் இல்லை. 17ஆம் விதி 'பொதுக்கூட்டமொன்றில்' என்றுதான் சொல்கிறது, 'ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்' என்று கட்டவில்லை. ஆகவே பிறகு ஒரு விசேட பொதுக்கூட்டம் கூட்டலாம். அதைக் கூட்டுவதற்கென்று தனி விதி இருக்கும், அதில் எத்தனை பேர் கையொப்பம், எத்தனை நாள், கோரம் (கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) எவ்வளவு என்று பாருங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 'இப்படியொரு திருத்தம் வரப்போகிறது' என்று தலைவர் அறிவிப்பதில் ஒரு தடையும் இல்லை. அது நல்லதும்கூட.

முன்னறிவித்தலில் 'பெண்களை உறுப்பினராக்கும் திருத்தம் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரி எழுதி விடாதீர்கள். எந்த விதியில், எந்தச் சொல்லை நீக்கி, எந்தச் சொல்லைச் சேர்க்கிறீர்கள் என்று இப்போதுள்ள வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுங்கள். முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயர்களும் இருக்கட்டும். அதற்கு முன் ஓர் இரவு உட்கார்ந்து யாப்பு முழுவதையும் வாசியுங்கள். 5ஆம் விதியை மாற்றினால் வேறு எங்கெல்லாம் இடிக்கும்? 'உறுப்பினரின் மனைவியும் மகள்களும் மண்டபத்தைப் பாவிக்கலாம்' என்ற மாதிரி ஏதாவது ஒரு விதி நிச்சயம் கிடக்கும். நாளைக்கு உறுப்பினரே பெண் என்றால் கணவர் வெளியே நிற்பதா? அதையும் இதே முன்னறிவித்தலில் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன 82ஆம் உறுப்புரைகூட, மாற்றப்படும் ஏற்பாட்டையும் அதனால் வரும் மற்றத் திருத்தங்களையும் சட்டமூலத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறது.

இன்னொன்று, கூட்டத்தில் யாராவது திருத்தத்துக்கே திருத்தம் கொண்டுவருவார்கள். கொண்டுவரலாம், அதற்குச் சாதாரண பெரும்பான்மை போதும். ஆனால் அறிவித்த எல்லையைத் தாண்டக் கூடாது. சந்தாவை 1000 ரூபாயிலிருந்து 2000 ஆக்குவதாக அறிவித்திருந்தால் கூட்டத்தில் 1500 என்று குறைக்கலாம், 3000 என்று ஏற்ற முடியாது. 2000 என்றால் சரி என்று நம்பி வீட்டில் இருந்தவரை 3000 ஏமாற்றிவிடும். உங்கள் விடயத்தில், 'பெண்களுக்கு வாக்கு உண்டு, ஆனால் முதல் இரண்டு வருடம் பதவிக்குப் போட்டியிட முடியாது' என்று ஒருவர் கேட்டால் அது எல்லைக்குள் வருகிறது. எனக்குப் பிடிக்காத யோசனை, ஆனால் தலைவர் அதை மறுக்க முடியாது. 'அப்படியே அனுமதிக் கட்டணத்தையும் எடுத்துவிடுவோம்' என்றால் அது எல்லைக்கு வெளியே. அதற்கு வேறு நாள்.

திருத்தம் எப்போது அமுலுக்கு வரும்? வேறு ஏதும் சொல்லாவிட்டால் நிறைவேறிய அந்த நிமிடமே. இது பலருக்குத் தெரியாது. தெரிவு நடக்கும் அதே கூட்டத்தில், தெரிவுக்கு முன் திருத்தம் நிறைவேறினால், இணை உறுப்பினர்கள் புதிய விதியின்படி அப்போதே முழு உறுப்பினர்களாகிவிட்டால், அன்றைய தெரிவிலேயே அவர்களுக்கு வாக்கு உண்டு. அது நல்லதாகவும் இருக்கலாம், 'வாக்குச் சேர்க்கத்தான் கொண்டுவந்தார்கள்' என்ற கதைக்கும் இடம் கொடுக்கலாம். விசேட கூட்டமாக வைத்தால் இந்தத் தலையிடி இல்லை. இருந்தாலும் அமுலாகும் திகதியையும், இப்போதைய இணை உறுப்பினர்கள் தானாக மாறுவார்களா அல்லது விண்ணப்பிக்க வேண்டுமா என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தத் தீர்மானத்தில் வாக்களிக்கக்கூடியவர்கள் இன்றைய விதிப்படி வாக்குள்ளவர்கள் மட்டுமே. தங்களைப் பற்றிய வாக்கெடுப்பைத் தாங்களே பார்த்துக்கொண்டு இருப்பது கொடுமைதான், ஆனால் விதி அது. பேசுவதற்குக் கூட்டம் அனுமதி கொடுக்கலாம். கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நிச்சயமில்லாத இரண்டு விடயங்களைத் தனியாகச் சொல்கிறேன். ஒன்று, வட்ஸ்அப் குழுவில் போட்டால் 'எழுத்தில் அறிவித்தல்' ஆகுமா? இலத்திரனியல் ஆவணங்களுக்கு மதிப்பளிக்கும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நம்மிடம் உண்டு. ஆனால் பழைய யாப்பொன்றின் 'எழுத்தில்' என்ற சொல்லை யாராவது சிக்கலாக்க நினைத்தால் வாதாட இடம் இருக்கிறது. 140 கடிதம் தபாலில் அனுப்பும் செலவு ஒரு வழக்கை விட மலிவு. தபாலிலும் அனுப்புங்கள், வட்ஸ்அப்பிலும் போடுங்கள். மற்றது, 21 நாளில் கடிதம் போன நாளும் கூட்ட நாளும் சேருமா? இரண்டையும் விட்டுவிட்டு எண்ணுவதுதான் பாதுகாப்பு. நான் எப்போதும் இன்னும் நாலைந்து நாள் கூடுதலாகவே விடுவேன்.

கழகம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனியாக (பங்குகளுக்குப் பதில் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நிற்கும் கம்பனியாக) இருந்தால், 17ஆம் விதி என்ன சொன்னாலும் விசேட தீர்மானம் வேண்டும், வாக்களித்தோரில் நூற்றுக்கு 75. நாடாளுமன்றச் சட்டமொன்றால் கூட்டிணைக்கப்பட்டிருந்தால் விதிகளை நீங்கள் மாற்றலாம், ஆனால் அந்தச் சட்டத்தில் உள்ளதை நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். வெறும் யாப்போடு நடக்கும் சங்கம் என்றால் மேலே சொன்னதே போதும். எங்காவது பதிவு செய்திருந்தால் திருத்திய பிரதியை அங்கே அனுப்பும் நிபந்தனை உண்டா என்று பாருங்கள்.

கூட்ட நாளன்று தலைவர் இந்தத் திருத்தத்துக்காகப் பேச விரும்பினால், ஆசனத்தை உப தலைவரிடம் கொடுத்துவிட்டுப் பேசுவது நல்லது. கதவடியில் ஒருவரை நிறுத்தி உள்ளே இருப்பவர்களை எண்ணச் சொல்லுங்கள், உங்கள் விதிக்கு அந்த எண்தான் முக்கியம். கையுயர்த்துவதை விட எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவது சுலபம். சமுகமளித்தோர், ஆதரவு, எதிர்ப்பு மூன்றையும் இலக்கத்தில் அறிக்கையில் எழுதுங்கள், 'ஏகமனதாக' என்று எழுதாதீர்கள். தேநீரை வாக்கெடுப்பு முடிந்த பிறகு கொண்டுவரச் சொல்லிக் கன்டீன்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.